கார்டுல அவர் பேருதானே சார் இருக்கு?

2023 ஆடி மாதம். எங்கள் சேலையூர்ப் பக்கத்து ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாக வந்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய். ஓய்வூதியம் வாங்கும் குடும்பம் என்பதால் எங்கள் வீட்டுக்கு அது கிடையாது. ஆனால் படிவம் பூர்த்தி செய்யத் தெரிந்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குப்பை கொட்டியதில் மிஞ்சிய பெயர் அது. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

எதிர்வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர், இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாய், ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டே தயங்கினார். "கார்டுல அவர் பேருதானே சார் இருக்கு? பணம் அவருக்குத்தானே போவும்?"

"இல்லம்மா. கார்டுல தலைவர்னு அவர் பேர் இருந்தாலும் மனைவியைத்தான் குடும்பத் தலைவியா எடுத்துக்கணும்னு விதி. உன் கணக்குக்குத்தான் வரும்."

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, நான் படித்தது. இன்னொன்று, நான் செய்தது. படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் எலினார் ராத்போன் என்ற பெண்மணி பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். நம் நாட்டுக் குழந்தை மணக் கொடுமையைப் பற்றி 1934-லேயே ஒரு புத்தகம் எழுதியவர். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அரசாங்கம் வாராவாரம் பணம் கொடுக்க வேண்டும் என்று ஏறக்குறைய முப்பது வருடம் விடாமல் பேசி வந்தார். கடைசியில் 1945-ல் மசோதா வந்தது. அதில் பணம் தகப்பன் பெயருக்கு என்று எழுதியிருந்தது! இத்தனை காலம் போராடிய அந்த அம்மாள், இப்படியே இருந்தால் இந்த மசோதாவுக்கு எதிராகவே ஓட்டுப் போடுவேன் என்று நின்றுவிட்டார். உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடு இல்லாமல் வாக்களிக்கலாம் என்று விட்டுவிட, பணம் தாய் பெயருக்கு மாறியது. இரண்டாவது குழந்தையிலிருந்து, குழந்தைக்கு வாரம் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, தபாலாபீஸ்களில் முதல் பட்டுவாடா நடந்தது. அதைப் பார்க்க ராத்போன் இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இப்படிப்பட்ட உதவிகளில் முக்கியமானது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம். முத்துலட்சுமி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்மணி, அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். அடையாறு அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அவர் ஆரம்பித்தவை.

1980-களின் இறுதியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது ஏழைத் தாய்க்குக் கொடுத்தது 300 ரூபாய். பிறகு 500 ஆனது. 2006-ல் ஒரே தாண்டாக 6,000 ஆயிற்று. பிரசவத்துக்கு முன் 3,000, பின் 3,000. கர்ப்பக் காலத்தில் கூலி வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டவும், சத்தான சாப்பாட்டுக்கும் என்று காரணம் சொன்னார்கள்.

அதன் பொருள் தாம்பரத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சானடோரியம் பக்கத்தில் 1984-ல் வந்த மெப்ஸ் வளாகத்துக் கம்பெனிகளில் எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போனார்கள். அவர்களில் நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்கு 1961-ம் வருடச் சட்டப்படியோ ஈ.எஸ்.ஐ. மூலமாகவோ பேறுகால விடுப்பும் அதற்குரிய பணமும் உண்டு. அங்கிருந்து நாலைந்து மைல் தள்ளி மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே செங்கல் சுமந்த சித்தாள் பெண்ணுக்கு வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். அவளுக்கும் ஒரு பேறுகால விடுப்புச் சம்பளம் போலத்தான் அந்த ஆறாயிரம்.

இனி நான் செய்தது. இத்தனை வருடமும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

2007-ல் நான் அந்தப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அப்போது இந்த உதவித்தொகை சுகாதார நிலையத்திலிருந்து செக்காக வரும். குறுக்குக் கோடு போட்ட செக். கணக்கில் போட்டுத்தான் எடுக்க முடியும். நல்ல ஏற்பாடுதான், இடையில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் வாங்குகிற பெண்ணுக்குக் கணக்கு இருக்க வேண்டுமே!

ஒரு நாள் மதியம், கூட்டம் குறைந்த நேரம், எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்தாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். கையில் 3,000 ரூபாய்க்குச் செக். செக்கில் கணவன் பெயரின் முதலெழுத்தோடு அவள் பெயர். ரேஷன் கார்டோ ஊரில், அப்பா வீட்டுக் கார்டு. இங்கே விலாசத்துக்குச் சான்று இல்லை, அறிமுகக் கையெழுத்துப் போட ஆளில்லை. "ஆதாரம் எடுத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். கோபமாகப் பேசவில்லை. விதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏழைகளுக்கு மிகக் குறைந்த இருப்பில் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள், அத்தாட்சிகளில் கெடுபிடி வேண்டாம், தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரின் அறிமுகம் போதும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருந்தது. அந்தச் சுற்றறிக்கை என் மேஜைக்குப் பின்னால் ஃபைலில்தான் இருந்தது. அவளுக்குச் செக் வாங்கித் தந்த கிராம சுகாதார செவிலியர் எங்கள் கிளையிலேயே கணக்கு வைத்திருந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. "யாரம்மா உன்னை அனுப்பினாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு போனில் முடிந்திருக்கும்.

அவள் திரும்பி வந்தபோது இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது அத்தாட்சி இருந்தது, ஆனால் செக்குக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அந்த நாளில் செக்குக்கு ஆறு மாதம் ஆயுள். (2012-ல்தான் மூன்று மாதமாகக் குறைத்தார்கள்.) எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன், சுகாதார நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். புதுச் செக் வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "அப்பவே வந்திருந்தா கடைசி மாசம் மண்ணு சொமக்கப் போயிருக்க மாட்டேன் சார்."

வயிற்றுப் பிள்ளைக்காக அரசாங்கம் கொடுத்த பணம், அந்தப் பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு போய்ச் சேர்ந்தது. கோட்டையில் கையெழுத்தாகி, மாவட்டம் தாண்டி, சுகாதார நிலையம் தாண்டி வந்த பணம் என் கவுண்டரில் ஏழெட்டு மாதம் நின்றுவிட்டது. தணிக்கையில் என் மேல் ஒரு குறிப்பும் வரவில்லை. வரவும் வராது, நான் விதிப்படிதானே நடந்தேன்!

பின்னால் வந்தவர்கள் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் தொகை 12,000 ஆனது, நாலாயிரமாக மூன்று தவணை. ஏழாம் மாதத்தில் ஒன்று, அரசு மருத்துவமனையில் பிரசவமானதும் ஒன்று, குழந்தைக்கு மூன்றாவது தடுப்பூசி போட்டதும் ஒன்று. பணம் நேராகக் கணக்குக்கே போக ஆரம்பித்தது. 2018-ல் 18,000. அதில் 14,000 ரொக்கமாக, ஐந்து தவணையில். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். எந்தக் கட்சி வந்தாலும் இந்தத் திட்டத்தை நிறுத்தவில்லை, கூட்டித்தான் கொடுத்தார்கள். கர்ப்பிணிக்குக் குறைந்தது ஆறாயிரம் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது 2013-ல். இங்கே அதற்கு ஏழு வருடம் முன்பே கொடுத்தாகிவிட்டது. 2014-ல் ஜன்தன் வந்த பிறகு, கணக்கு இல்லாத பெண் என்று ஒருத்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

அதனால்தான் 2023-ல் அவ்வளவு பெரிய வேலையை அவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது. ஜூலை 24-ல் முகாம்கள் தொடங்கின. தன்னார்வலர்கள் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்தார்கள், கைரேகை வைத்தார்கள். நகல் எதுவும் இணைக்க வேண்டாம், ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பாஸ்புக்கைக் காட்டினால் போதும். விண்ணப்பம் வந்தது சுமார் 1 கோடியே 63 லட்சம். தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரையறைகள். கணக்கு சரிதானா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தார்கள். செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் தொடக்க விழா.

அப்போதும் கவுண்டர் தன் குணத்தைக் காட்டாமல் இல்லை. வந்த ஆயிரத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதம் பிடித்தன. அரசு தலையிட்டு, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய செக்தான் ஞாபகம் வந்தது. அதே சமயம், நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்திருந்தார்கள். நவம்பரில் மேலும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். "இல்லை" என்று சொன்ன பிறகும் திரும்பக் கேட்க ஒரு வாசல். என் கவுண்டரில் அது இல்லை.

காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் சிலர், "சும்மா காசை வாரி இறைக்கிறான்யா" என்று அலுத்துக்கொள்வார்கள். கஜானா தாங்குமா என்ற கேள்வி நியாயமானது, அதைப் பேசுவோம். ஆனால் மாதக் கடைசியில் ஓய்வூதியம் ஒரு நாள் தள்ளிப்போனால் நாம் என்ன பாடு படுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிப்போம்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு முதல் மாதமே வந்துவிட்டது. விழாவுக்கு முதல் நாளே செல்போனில் செய்தி. எனக்குக் கொண்டுவந்து காட்டினார், படிக்கத் தெரிந்தவர்தான், இருந்தும் காட்டினார். "என் பேர் போட்டு வந்திருக்கு பாருங்க சார்." பெரியவளுக்கு டியூஷன் பாக்கி கட்டப் போவதாகச் சொன்னார்.

அந்தச் சித்தாள் பெண்ணின் குழந்தைக்கு அப்போது பதினாறு வயது நடந்துகொண்டிருந்திருக்கும். பையனா பெண்ணா என்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை.