முதல்முறை மேனேஜர்: ரசிகர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?
உங்க கிளப் ஒரு முன்னாள் ஸ்டாரை முதல்முறையாக மேனேஜர் ஆக்குகிறது. "கார்டியோலா ஜெயிக்கலையா?" என்கிறது ஒரு தரப்பு. "பிர்லோவை மறந்துட்டீங்களா?" என்கிறது இன்னொன்று. யார் சொல்வது சரி?

கார்டியோலா 2008-ல் பார்சிலோனா சீனியர் அணிக்கு வருமுன், ஒரு சீசன் அதன் 'பி' அணியை நடத்தினார். முதல் சீசனிலேயே லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கிடைத்தன.

பிர்லோ கதை வேறு. 2020 ஜூலை இறுதியில் யுவென்டஸ் அவரை 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தது. பத்தே நாளில், ஒரு மேட்ச்கூட நடத்தாமலே, சீனியர் அணி அவர் கைக்கு வந்தது. 2 கோப்பைகள் வென்றார். ஆனால் தொடர்ந்து 9 முறை வென்ற லீக்கில் அணிக்கு 4-வது இடம்தான். ஒரே சீசனில் வேலை போனது.

சின்ன அணியில் பழகியவர் ஜெயித்தே தீருவார் என்றில்லை. ஆனால், அங்கே செய்யும் தப்புக்கு விலை குறைவு. அதனால் "எவ்வளவு பெரிய பிளேயர்?" என்பதைவிட, "இதுவரை யாருக்குக் கோச்சிங் கொடுத்தார்?" என்று கேளுங்க.