உறுதிமொழியும் விருந்தோம்பலும்: விடுதலைப் போராட்டக் காலத்தில் அயல்நாட்டு ஊழியர் நிலை

1. களம்

பழனிமலையில் அயல்நாட்டார் இருப்பு பழையது. மதுரையின் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினர். மலைப்பாதையில் சற்றுக் கீழே, செண்பகனூரில், 1895இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். முன்னவர் அமெரிக்கர், பின்னவருள் பிரெஞ்சுக்காரர் பலர். இருவரும் பிரிட்டிஷ் ஆட்சியில் வேற்று நாட்டாரே.

2. நிபந்தனை

முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டனர். போருக்குப் பின் பிரிட்டிஷார் அல்லாத மிஷன்களிடம் அரசு உறுதிமொழி கேட்டது. அரசுக்குக் கீழ்ப்படிவது, அரசியலில் தலையிடாதிருப்பது என்பன அதன் சாரம்.

3. இரு நிகழ்வுகள்

3.1 கெய்தான்: 1925இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1930 மார்ச்சில் காந்தியின் கடிதத்தை வைஸ்ராய் இர்வினிடம் கொண்டுசென்ற ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ். அவரைக் கெய்தான் மதுரையில் தம் வீட்டில் தங்கவைத்தார். கொடி பிடிக்கவில்லை, மறியல் செய்யவில்லை. விருந்தினருக்குச் சோறும் பாயும் தந்ததே குற்றமாயிற்று. அவ்வாண்டே அவர் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944இல் மீண்டும் வெளியேற்றினர்.

3.2 பேட்டன்: திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921இல் சே. ஜேசுதாசனுடன் தொடங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். 1932 சனவரியில், சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த கடைத்தெருவில் நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்தனர். கதர் உடைமேல் சாயத் தண்ணீரைப் பீய்ச்சினர். லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அவர்மீது தொடுத்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

4. ஒப்பீடு

பேட்டன் பிரிட்டிஷ் குடிமகன். அவருக்காகக் கேள்வி கேட்க லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இருந்தனர். கெய்தான் அமெரிக்கர்; பிரிட்டிஷ் ஆட்சியில் விருந்தாளியாக வாழ்ந்தவர். தடியடியே இல்லாமல் அவரை அகற்ற முடிந்தது. வெள்ளைத் தோல் இருவரையும் காக்கவில்லை. தண்டனை எவ்வகையது என்பதைத் தீர்மானித்தது குடியுரிமை.

5. முடிவு

அரசியலில் தலையிடாமை என்ற சொல் நடுநிலையைக் குறிக்கவில்லை. ஆட்சியாளருக்கு விருந்து வைத்தவரை யாரும் வெளியேற்றவில்லை. எதிர்ப்பாளருக்கு வைத்தவரே அரசியல்வாதி ஆனார். வெளியேற்றிய அரசு 1947இல் நீங்கியது. அதே ஆண்டு கெய்தான் திரும்பி வந்தார்; திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பணியில் சேர்ந்துகொண்டார்.