சாவி யார் இடுப்பில்?

கூட்டுக் குடித்தனமா, தனிக் குடித்தனமா? நம் வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து ஓயவே ஓயாது. ஒரு தேசமே இந்தக் கேள்வியை வாக்குச்சீட்டில் அச்சடித்து ஜனங்களிடம் நீட்டியது. அதுவும் இரண்டு முறை! ஐரோப்பாவின் வடக்கு உச்சியில் இருக்கும் நார்வேதான் அது.

முதல் முறை, 1972. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் அப்போது ஆறே நாடுகள். பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க்கோடு நார்வேயும் வாசலில் நின்றது. பிரதமர் பிராட்டலிக்கு எப்படியாவது உள்ளே போய்விட ஆசை. ‘ஜனங்கள் மறுத்தால் பதவியை விட்டுவிடுகிறேன்’ என்று பந்தயமே கட்டிவிட்டார்.

குறுக்கே பாய்ந்தது யார் தெரியுமா? மீன்! பேச்சுவார்த்தை தொடங்கவிருந்த 1970-ல், அந்த ஆறு நாடுகளும் அவசர அவசரமாக ஒரு முடிவெடுத்தன. உறுப்பு நாடுகளின் கடலில் மற்ற உறுப்பு நாட்டுப் படகுகளும் மீன் பிடிக்கலாம்! மீனை நம்பியே அடுப்பெரியும் நார்வேயின் கடலோரக் கிராமங்கள் சும்மா இருக்குமா? ‘என் வீட்டுக் கிணற்றில் ஊரெல்லாம் வாளி விடுவதா?’ என்று கொதித்தன. பேரம் பேசிக் கிடைத்த சலுகை போதாதென்று மீன்வளத் துறை அமைச்சரே ராஜினாமா செய்தார். செப்டம்பர் 25-ல் 53.5 சதவிகிதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். பிராட்டலியும் சொன்ன சொல் தவறாமல் விலகினார்.

‘எண்ணெய்ப் பணம் கொடுத்த தைரியம் சார்’ என்பீர்கள். இல்லை. வடகடல் எண்ணெய் அப்போதுதான் சொட்ட ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது முறை, 1994. சந்தை இப்போது ‘ஐரோப்பிய யூனியன்’ ஆகியிருந்தது. அந்த வார்த்தையே நார்வேக்காரர்களுக்குக் கசப்பு. முன்பு டென்மார்க்கின் பிடியில் சில நூற்றாண்டுகள். பிறகு 1905 வரை ஸ்வீடன் மன்னரின் கீழ் ஒரு ‘யூனியன்’. பட்டது போதாதா? பக்கத்து வீடுகளான ஃபின்லாந்தும் ஸ்வீடனும் ‘சரி’ சொல்லிவிட்டன. பெண் பிரதமர் புருண்ட்லாண்ட் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தலைநகர் ஆஸ்லோ தலையாட்டியது. மீனவர்கள் நிறைந்த வடகோடி ஃபின்மார்க்கிலோ, நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் எதிர்ப்பு! நவம்பர் 28-ல் மறுபடியும் ‘வேண்டாம்’. இம்முறை 52.2 சதவிகிதம்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால், வியாபாரம் வேண்டுமே! 1994 ஜனவரியிலேயே ‘ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி’ என்ற ஒப்பந்தத்தில் நார்வே சேர்ந்திருந்தது. அதன்படி யூனியனின் சந்தை திறந்திருக்கும். பதிலுக்கு அந்தச் சந்தையின் சட்டங்களை நார்வே தன் சட்டமாக ஏற்க வேண்டும். பணமும் கட்ட வேண்டும். ஆனால், அந்தச் சட்டங்களை இயற்றும் சபையில் ஓட்டு கிடையாது! கைக்காசைப் போட்டுச் சாப்பிடலாம். என்ன சமையல் என்று மட்டும் கேட்கக் கூடாது.

நஷ்டம்தானே என்று கணக்குப் பார்க்கிறீர்களா? நானும் காமர்ஸ் படித்தவன். முதலில் அப்படித்தான் பார்த்தேன். அந்தக் கிராமத்து மீனவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். மீனும் விவசாயமும் இன்றுவரை யூனியனின் பொதுக் கொள்கைக்குள் போகவில்லை. மற்றதில் வளைந்து கொடுத்தாலும், கடலின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதைத்தான் நார்வே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?