கோலே என்றொரு சொல்

இலங்கையில் மொனராகலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. நடுவே ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து தொங்கிய ரிப்பன்களை ஒரு கையிலும் கோலை மறு கையிலும் பிடித்துப் பிள்ளைகள் உள்ளும் வெளியுமாகச் சுற்றினார்கள். ரிப்பன்கள் சடையாகப் பின்னின. திசை மாறி ஆடியதும் அவிழ்ந்தன. பக்கத்தில் நின்ற பெரியவர், "இது நம்ம ஆட்டமில்லைங்க. அந்தக் காலத்துல துரைசானி சொல்லிக் குடுத்தது" என்றார். துரைசானி என்றால் தோட்டத் துரையின் மனைவி.

இங்கிலாந்துக் கிராமங்களில் மே மாதம் கம்பம் நட்டு, ரிப்பன் பிடித்து ஆடும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்திருந்தேன். அதனால் அவர் சொன்னதை உடனே நம்பினேன்.

எங்கே தேடுவது? மொனராகலை தனி மாவட்டமானது 1959இல்தான். அதற்கு முன்பு அது பதுளையோடு இருந்தது. பழைய ஏடு என்றால் பதுளைக் கச்சேரியை, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தைத்தான், நினைக்க வேண்டும். ஆனால் தோட்டத்தின் செக்ரோலில், அதாவது அன்றாட வேலைப் பதிவேட்டில், பெயர் விழுவது கூலி நாளுக்கு மட்டுமே. ஆடிய நாளுக்கு அதில் வரி இல்லை. எனவே மறுமுனையிலிருந்து, இங்கிலாந்திலிருந்து, தொடங்கினேன்.

அங்கே முதல் அதிர்ச்சி. மே மாதக் கம்பம் பழையதுதான். ரிப்பன் பின்னும் ஆட்டம் அவ்வளவு பழையதல்ல. 1836இல் அது லண்டன் நாடக மேடையில் வந்தது. 1881இல் ஜான் ரஸ்கின் வைட்லாண்ட்ஸ் ஆசிரியர் கல்லூரியில் மே விழாவைத் தொடங்கிவைத்தார். அங்கே படித்த ஆசிரியைகள் வழியே அந்த ஆட்டம் கிராமப் பள்ளிகளுக்குப் போனது. ஆகவே தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துத் துரைசானி இந்த ஆட்டத்தைத் தன் ஊர் வழக்கமாகக் கொண்டுவந்திருப்பது கடினம். தேயிலைக் காலத்துத் துரைசானிக்கு அந்தத் தடை இல்லை. பெரியவரின் கூற்று இன்னும் சாகவில்லை.

அடுத்து சொற்களை எடுத்தேன். ஆங்கிலேயர் கொண்டுவந்தவற்றைத் தோட்டம் அவர்கள் சொல்லாலேயே அழைத்தது: வரிசை வீடான லயன், எழுத்தரான கிளாக்கர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு. இந்த ஆட்டத்துக்கோ பின்னல் கோலாட்டம் என்று பெயர். தேயிலையே இல்லாத தெலுங்கு, கன்னட ஊர்களிலும் இது சடைக் கோலாட்டம்தான். எனக்கு இது வலுவான சான்றாகப் பட்டது. ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த துணிக்கு ரிப்பன் என்றல்லவா பெயர்! ஆட்டம் நம்முடையதாகவும் துணி கடைச்சரக்காகவும் இருக்கலாம். சொல் மட்டும் இதைத் தீர்க்காது.

பிறகுதான் பியெத்ரோ தெல்லா வால்லே கிடைத்தார். ரோமாபுரிப் பயணி. 1623 நவம்பரில், இன்றைய கர்நாடகத்தின் இக்கேரியில், கெளதி நாயக்கர் தலைநகரில், பெண்பிள்ளைகள் வண்ணம் பூசிய சிறு கோல்களைத் தட்டி ஆடியதைப் பார்த்து எழுதினார். ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லையும் காதில் விழுந்தபடியே குறித்தார்: கோலே, கோலே. பொருள் தெரியவில்லை, மகிழ்ச்சிச் சொல்லாக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். கன்னடத்தில் கோலு, தமிழில் கோல். 1892இல் ஹக்லூட் கழகம் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில் அந்த இடத்தைப் படித்தபோது என் விரல் வரியை விட்டு நகரவில்லை.

அன்றிரவே என் குறிப்பேட்டில், பின்னல் கோலாட்டத்துக்கு 1623 சான்று என்று எழுதிவிட்டேன். அது தவறு. மறுநாள் நிதானமாகப் படித்தால், அவர் சொல்வது கோலை மட்டுமே. கம்பமும் இல்லை, கயிறும் இல்லை. ஒரே கேள்வி என்று நான் நினைத்தது இரண்டு கேள்விகள். கோலுக்கு நானூறு ஆண்டுச் சாட்சி இருக்கிறது. சடைக்கு அந்தச் சாட்சியை இரவல் வாங்கக் கூடாது. குறிப்பை அடித்துத் திருத்தினேன்.

மீண்டும் தோட்டத்துக்குப் போனபோது பெரியவரிடம் இக்கேரிக் கதையைச் சொன்னேன். துரைசானி பற்றி அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் தெரியாமலே வெள்ளைக்காரர் போய்விட்டார் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "கையில இருந்த குச்சிய யாராச்சும் காட்டியிருக்கலாமேங்க" என்றார்.