தானாக விழுந்த வீடு

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதிகாலை கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய அறைத் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கேள்விப்பட்டீரோ? நாங்கள் இருந்த வீட்டின் முன்சுவர் இரவு விழுந்துவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை" என்றார். யாராவது இடித்தார்களா என்று கேட்டேன். "இல்லை, தானாகத்தான் விழுந்தது" என்றார்.

1990களின் நடுப்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஜம்பட்டா வீதிக்கு அருகிலிருந்த அந்த வீட்டின் மேல்மாடி அறையொன்றில் நான்கு வருடங்கள் குடியிருந்தேன். கீழே இரண்டு கடைகள், மேலே ஐந்து அறைகள். தெருவைப் பார்த்த மரப் பலகணி, கதவுகளுக்கு மேலே காற்று வருவதற்கென்று செதுக்கப்பட்ட மரவேலைப்பாடு, நாட்டோட்டுக் கூரை. வீட்டுச் சொந்தக்காரர் நாட்டைவிட்டுப் போய்ப் பல வருடங்களாகியிருந்தன. மாதந்தோறும் அவருடைய உறவினர் ஒருவர் வந்து வாடகை வாங்கிச் செல்வார். படிக்கட்டுக்கு மேலே ஓரிடத்தில் கூரை ஒழுகியது. மூன்று கடிதங்கள் எழுதினோம். பதில் வரவில்லை. ஒழுகிய இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம். நான் வெளியேறிய பின்னர் ஏனையவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் தெருப்பக்கம் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள்.

ஒரு பழைய வீடு எப்படிச் சாகிறது என்பதை அறிந்தவர்களுக்கு 'தானாக' என்ற சொல்லில் நம்பிக்கை இராது. முதலில் ஓர் ஓடு நழுவும். அந்த இடைவெளியால் இறங்கும் மழைநீர் கூரை மரத்தின் நுனியை, அது சுவரில் பொருந்துமிடத்தில், உக்கச் செய்யும். பின்னர் கறையான் ஏறும். கொழும்பின் பழைய சுவர்கள் பல, கபுக் எனப்படும் செம்புரைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டி எழுப்பியவை. மேலே கூரை இருக்கும்வரை அவை நூற்றாண்டுகள் நிற்கும். கூரை போனால் நீர் குடித்து இளகும். இடையில் யாராவது சிக்கனமாகத் திருத்துவதாக எண்ணி மேலே சீமெந்து பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் இன்னும் விரைவாகக் கெடும். எஞ்சியதைக் காகம் எச்சமிட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசங்கன்றின் வேர் பார்த்துக்கொள்ளும். இவ்வளவும் நடந்து முடிய இருபது, முப்பது வருடங்கள் வேண்டும். அத்தனை வருடங்களிலும், சில ஓடுகளை மாற்றினாலே போதும் என்ற கட்டம் ஒன்று இருந்திருக்கும். அந்தக் கட்டத்தில் யார் என்ன செய்தார்கள், ஏன் செய்யவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மேட்டின்மேல் வுல்பெண்டால் தேவாலயம் தெரியும். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். ஏறத்தாழ ஐந்து அடி கனமான சுவர்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. அத்தேவாலயத்துக்குத் தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதே தெருக்களில் நம்மவர்கள் கட்டிய வீடுகளுக்கு அது இல்லை. காரணம் ஒரு திகதி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கின்றது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்டவை புராதனச் சின்னங்கள். பிற்பட்டவை காப்பாற்றப்பட வேண்டுமானால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்.

இன்று நாம் காணும் கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் பெரும்பாலும் அந்தத் திகதிக்குப் பின்னர் உருவானவை. துறைமுகமும் கோப்பியும் தேயிலையும் கொண்டுவந்த பணத்தில் எழுந்த கடைவீடுகள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒரே கூரையின் கீழ் பல கணக்குப் பெட்டிகளை வைத்து வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள், வழக்கறிஞர்களும் தரகர்களும் வாழ்ந்த மாடிவீடுகள் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. கோயில்களை அறங்காவலர்களும் தேவாலயங்களைத் திருச்சபைகளும் பார்த்துக்கொண்டன. வீடுகளுக்கு அவற்றின் சொந்தக்காரர் மட்டுமே காவல்.

அந்தச் சொந்தக்காரர் ஏன் காவாதிருந்தார்? பேராசை, பொறுப்பின்மை என்று இரண்டு சொற்களில் தீர்ப்புச் சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் எளிது. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வரலாறு சற்றுச் சிக்கலானது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1948இலும் 1972இலும் வந்த சட்டங்கள் அதைத் தொடர்ந்தன. குடியிருப்போரைத் தெருவில் விடாத நல்ல சட்டம் அது. என்னைப் போன்றவர்கள் நகரில் ஒதுங்க இடம் கிடைத்ததற்கு அந்த மரபும் ஒரு காரணம். எனினும் வாடகை உறைந்து நிற்க, ஓட்டின் விலையும் தச்சனின் கூலியும் ஏறிக்கொண்டே போயின. ஒரு வருட வாடகையால் ஒரு பக்கக் கூரையைக்கூட மாற்ற முடியாத நிலை வந்தபோது, சொந்தக்காரர்கள் வீட்டைக் கைவிட்டு நிலத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். 1973ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அரசிடம் சேர்த்தது. நாளை கையைவிட்டுப் போகக்கூடிய வீட்டுக்கு இன்று யார் செலவு செய்வார்கள்?

பின்னர் 1983 ஜூலை வந்தது. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எங்கும் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சேதமடைந்த சொத்துகள் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அரசுடைமையாக்கப்பட்டு, அவற்றுக்கென அமைக்கப்பட்ட அதிகார சபையின் கைக்குப் போயின. எரிந்த வீட்டைத் திரும்பப் பெறுவதற்கே விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. கொம்பனித்தெருவில் 1965இல் திறக்கப்பட்ட ரியோ திரையரங்கை வாசகர்கள் பலர் அறிவார்கள். தமிழ்க் குடும்பமொன்றுக்குச் சொந்தமான அக்கட்டடத் தொகுதி 1983இல் தீக்கிரையானது. அதன் கருகிய மாடிகள் பல பதிற்றாண்டுகள் அப்படியே நின்றன. புதிதாக நகருக்கு வந்தவர்களுக்கு அது பராமரிப்பில்லாத பாழ்க்கட்டடம். நடந்ததைக் கண்டவர்களுக்கு அது வேறு.

எரியாத வீடுகளின் சொந்தக்காரர்களும் போனார்கள். இலண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று பிள்ளைகள் சிதறினார்கள். தந்தை இறந்ததும் ஒரு வீடு ஆறு பங்காகியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் இருபது பங்கானது. ஒருவர் கூரை திருத்தப் பணம் போட்டால் மற்றவர்கள் சும்மா இருந்து பயனடைவார்கள் என்ற மனக்கசப்பு வேறு. 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். ஆனால் வழக்கு முடியும்வரை மழை காத்திருப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பின்னரும் ஒன்றை மறைக்க இயலாது. போர் முடிந்த 2009க்குப் பின்னர் கொழும்பில் நில மதிப்பு ஏறியபோது கணக்கு மாறியது. நின்றுகொண்டிருக்கும் பழைய வீட்டைவிட, அது நின்ற வெறுநிலத்துக்கே விலை அதிகம். வீட்டை இடித்தால் அயலவர் கேட்பார்கள், பத்திரிகை எழுதும். அது தானாக விழுந்தால் யாரும் கேட்பதில்லை. முன்னர் இயலாமையாக இருந்த அதே மௌனம் இப்போது வியாபாரமாகவும் ஆகியது.

அரசின் திட்டங்களுக்குள் அகப்பட்ட கட்டடங்களுக்கும் விதி வேறல்ல. கொம்பனித்தெருவில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற கொடைவள்ளல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கடைத்தொகுதி, மீள் அபிவிருத்திக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் பராமரிப்பின்றி நின்று, ஒரு பகுதி சரிந்ததைத் தொடர்ந்து 2021இன் இறுதியில் இடிக்கப்பட்டது.

பிற ஊர்கள் என்ன செய்தன? சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை, அதன் உடைமையாளரான ஆயுள் காப்புறுதிக் கழகம் 2006இல் இடிக்கத் தொடங்கியது. மரபுச் சின்ன ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பதைத் தடுத்தது. 2012இல் தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் வந்தது. கட்டடம் உன்னுடையது, ஆனால் அதன் வரலாறு உன்னுடையது மட்டுமல்ல என்ற கருத்துக்கு அங்கே ஒரு சட்ட வாசல் திறந்தது.

செட்டியார் கிட்டங்கிகள் இருந்த இன்னொரு துறைமுக நகரான பினாங்கின் கதை எதிர்த்திசையில் எச்சரிக்கின்றது. அங்கே 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விலக்கப்பட்டதும் வாடகை உயர்ந்து, பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேற, வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜோர்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரானது அதன்பின் 2008இல்தான். ஆகவே வாடகைச் சட்டத்தை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் ஒழுக்குக்கு வாளி வைக்க ஆள் இருந்தவரை வீடும் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

1815 என்ற எல்லையை நகர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. கூரை திருத்தும் சொந்தக்காரருக்கு மாநகர சபை வரியில் சலுகை கொடுப்பதும் கேட்கத்தக்கதே. அவை நடக்கும்வரை, இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும் கொட்டாஞ்சேனையிலோ ஜிந்துப்பிட்டியிலோ ஒரு பங்கு முதுசமாக இருக்கக்கூடும். அந்த வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறை யாரையாவது ஏற்றிக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் பீலியைத் துப்புரவாக்கி, அரசங்கன்றைப் பிடுங்கச் சொல்லுங்கள். விற்பதாயின் அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படமெடுங்கள். பழைய உறுதிகளையும் கணக்குப் புத்தகங்களையும் குப்பையில் போடாமல், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற அமைப்புகளிடம் பிரதிக்காகக் கொடுங்கள். கொழும்பில் தமிழர் எப்போது வந்தார்கள் என்று கேட்கும் குரல்கள் இந்நாட்டில் ஓய்ந்துவிடவில்லை. அதற்கு விடையளிக்கக்கூடிய சாட்சிகள் இந்தக் காகிதங்களும் சுவர்களுமே.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. தொலைபேசியை வைத்த பின்னர் என் பழைய படங்களைத் தேடினேன். அமைச்சர்கள், மாநாடுகள், திறப்பு விழாக்கள், தேர்தல் மேடைகள் எல்லாம் இருந்தன. நான்கு வருடங்கள் குடியிருந்த அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை.