பேர் வெட்டிய மோதிரம்

பாத்திரக் கடையில் சொம்போ தூக்குவாளியோ வாங்கிக் காசு கொடுத்ததும், "பேர் வெட்டணுங்களா?" என்று கேட்பார்கள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர், துண்டுக் காகிதத்தில் நாம் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, அதிரும் கருவியை அழுத்திப் புள்ளி புள்ளியாக எழுதித் தருவார். முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியலும்தான். பெயரில் 'ஞா'வோ 'ணை'யோ வந்துவிட்டால் அவருக்குக் கொஞ்சம் சலிப்பு வரும். சுழிகள் உலோகத்தில் லேசில் வராது.

சங்க காலத்தில் பெயர் வெட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ் பிராமியில் 'க' என்பது ஒரு கூட்டல் குறி. 'ர' என்பது ஒரு செங்குத்துக் கோடு. நேர்க்கோடுகளும் ஒன்றிரண்டு வளைவுகளுமாக இருந்த அந்த எழுத்து, கூர்முனை உளிக்கென்றே பிறந்தது போலிருக்கும். அதனால்தானோ என்னவோ, கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து கிடைத்த மோதிரங்களில் பெயர்கள் இன்றும் தெளிவாக நிற்கின்றன. குறவன் என்று ஒன்று, தித்தன் என்று ஒன்று. ஐராவதம் மகாதேவன் தொகுத்த தமிழ் பிராமிச் சாசனங்களோடு மோதிரங்களுக்கும் இடமுண்டு. கரூரிலேயே கிடைத்த இன்னொரு தங்க மோதிரத்தில் பெயர் இல்லை, ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் உருவம் பொறித்திருக்கிறது.

பெயரைப் படித்தவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். குறவன் குறிஞ்சி நிலத்தவனா, வெறும் பெயர்தானா, அவனுக்கு எழுத்து தெரியுமா என்றெல்லாம். எனக்கு ஓடுவது வேறு யோசனை. அந்த மோதிரத்தைச் செய்த பத்தரின் பட்டறையில் அன்று காலை என்னென்ன இருந்திருக்க வேண்டும்? அவை எங்கிருந்து வந்தன?

முதலில் தங்கம். கோவைப் பகுதியிலிருந்து மேற்கே போனால் நீலகிரி, வயநாட்டு ஓடைகளில் மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது பொடி. கட்டியாக, நிறுத்து எண்ணக்கூடிய அளவில் வந்த பொன் ரோமானியக் காசுதான். அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் ஒன்று ஏறக்குறைய 7.8 கிராம், கிட்டத்தட்டக் கலப்பில்லாத தங்கம். நாம் இன்றும் பவுன் என்று சொல்லும் பிரிட்டிஷ் சவரன் 7.99 கிராம். இரண்டுமே கடல் தாண்டி வந்த ராஜா தலை போட்ட காசுகள். எடை இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல்தான், ஆனால் நகைக்குப் பொன் என்றால் அயல்நாட்டுக் காசின் கணக்கில் பேசுவது நமக்குப் புதிதல்ல. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் ஓர் உளிவெட்டு. 'இது இனிமேல் காசு இல்லை, பொன்' என்று யாரோ அறிவித்தது போல. அந்த வெட்டுக்கு வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் ஒரு பத்தர் அதைப் பார்த்தால் உலைக்குப் போகவேண்டிய சரக்கு என்றுதான் நினைப்பார்.

வெள்ளியிலும் இதே கதைதான், இன்னும் அழுத்தமாக. தமிழகத்தில் வெள்ளி சொல்லிக்கொள்ளும்படி விளைவதில்லை. கொங்கு நாட்டில் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் பெரும்பகுதி வெள்ளி. வெள்ளலூரில் 1842-இல் ஒரே குவியலாக 522 தெனாரியஸ் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸும் திபேரியஸும். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தால் வெள்ளலூர், பிறகு கொடுமணல், பிறகு கரூர். எங்கோ ஸ்பெயின் நாட்டுச் சுரங்கத்தில் வெட்டிய வெள்ளிகூட இந்தப் பாதையில் வந்து கரூரில் ஒருவன் விரலில் ஏறியிருக்கலாம்.

பொன் வந்தால் போதாது, அது பொன்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கு உரைகல். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நல்ல உரைகல் கலிங்க நாட்டிலும் தபதி ஆற்றிலும் கிடைக்கும், பச்சைப்பயறு நிறத்தில் இருப்பது உயர்ந்தது என்கிறது. ஒரு கல்லுக்காக ஆள் அனுப்பும் தொழில் இது. உரைத்த கோட்டின் நிறத்தை, மாற்று தெரிந்த பொன்னால் பக்கத்தில் இழுத்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பத்தரைமாற்று என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம், அது கண்ணால் அளந்த அளவு. மதுரைப் பொற்கடை வீதியைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரம் பொன்னில் நான்கு வகை சொல்கிறது: சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம். மணிகளின் குற்றங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஒரு நகை யாருடையது என்ற சந்தேகத்தில் ஒருவன் தலை போகும் கதையில், சரக்கைச் சோதிக்கும் கண் இத்தனை நுட்பமாக வருவது கவனிக்கத்தக்கது.

உலோகத்தில் நேரே வெட்டினால் வேலை இத்தோடு முடியும். நல்ல உளி ஒன்று போதும். கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த தடயங்களும் வெளிப்பட்டன. தாது பக்கத்துச் சென்னிமலையில். ஆக உளி உள்ளூர்ச் சரக்கு.

கல்லில் வெட்டி அதை மோதிரத்தில் பதிப்பதென்றால் கதை மாறிவிடும். முத்திரைக்கு ஏற்ற கல் சூதுபவளம். மெழுகு அதில் ஒட்டாது, பதித்துவிட்டு எடுத்தால் அச்சு சுத்தமாக விழும். அது தமிழ்நாட்டில் கிடைப்பதில்லை. குஜராத்தில் நர்மதை முகத்துவாரத்துக்கு மேலே ரத்தன்பூர்ப் பக்கம் தோண்டி எடுப்பார்கள். தோண்டும்போது மங்கலான மஞ்சள் பழுப்புதான். வெயிலில் உலர்த்தி, மண்சட்டியில் இட்டு மூடி மெல்ல வேகவைத்தால் அந்தச் சிவப்பு வரும். கொடுமணலில் ஒரே ஒரு ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. நொய்யல் கரையில் புதைக்கப்பட்ட அந்த மனிதருக்கு உறவினர் போட்ட சீர், ஆயிரம் மைல் தாண்டி வந்த கல்.

கொடுமணலை எல்லோரும் வணிகவழி ஊர் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு பட்டறை ஊர். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்று நகையோடு சேர்த்தே சொல்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தோண்டத் தொடங்கியபோது முடிந்த மணிகளை விட முடியாத மணிகளே அதிகம் பேசின: ஓட்டை பாதியில் நின்றது, ஓரம் தெறித்தது, மெருகு ஏறாதது. பளிங்கு, நீலம், பெரில் எல்லாம் கச்சாவாகவும் சில்லுகளாகவும். பெரில் காங்கேயம் பக்கத்துப் படியூரில் இருந்தது. அந்தச் சுரங்கத்தைக் கும்பினிக் காலத்தில் 1819–20 வாக்கில் மறுபடி தோண்டினார்கள். பெரில் என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனதுதான், வேளுரிய என்ற பிராகிருதச் சொல் கிரேக்கம் வழியாக. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் 'ப்ரில்ல' என்ற பெயரும் அதன் பேரப்பிள்ளை.

ரோமானியரான பிளினி, இந்தியர்கள் பெரிலை நீளமாக வைத்துக்கொள்ளவே ஆசைப்படுவார்கள், துளையிட்டு யானை மயிரில் கோப்பார்கள் என்று எழுதுகிறார். பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் என்று விற்பதிலும் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள் என்று கூடவே ஒரு குத்து. ஏமாந்த வாடிக்கையாளரின் குரல் அதில் கேட்கிறது.

கல்லை எப்படி வெட்டுவது? இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம் இருக்கிறது. எஃகு உளி சூதுபவளத்தில் வழுக்கும். பளிங்கு வகைக் கற்களின் கடினம் மோஸ் அளவில் 7. அதை அரிக்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். அந்தப் பொடி குருந்தக்கல், கடினம் 9. உலகம் முழுக்க இன்று கொரண்டம் என்று சொல்கிறார்களே, அது நம் குருந்தம்தான். மாணிக்கமும் நீலமும் அதன் நிறம் பிடித்த பிள்ளைகள், அழுக்குப் பழுப்பாகக் கிடப்பது சாணைக்குப் போகும். கரூரிலிருந்து காவிரியைத் தாண்டினால் பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி. அந்த வெள்ளைப் பாறையில் குருந்தக்கல் பொதிந்து கிடக்கும். (சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் போல ஒன்று வேண்டியிருந்தபோது இஸ்ரோ தேடிப்போனதும் இதே பாறையைத்தான்.) பொடியை எண்ணெயில் குழைத்து, சுழலும் மெல்லிய கருவிமுனையில் வைத்துக் கல்லில் அழுத்தினால், முனை வெட்டாது, பொடி வெட்டும். முத்திரைக்கு என்றால் எழுத்தை இடவலம் மாற்றி அரிக்க வேண்டும், பதித்தால்தான் நேராக வரும். ஒரு கோடு தவறினால் அழிக்க வழியில்லை.

குருந்தத்துக்கும் மேலே வைரம். பிளினி, வைரச் சிதறல்களை இரும்பில் பதித்துக் கல் செதுக்குபவர்கள் வைத்துக்கொள்வார்கள், அதற்காகவே அவற்றுக்குப் பெரிய கிராக்கி என்கிறார். முதல் நூற்றாண்டு வணிகக் கையேடான பெரிப்ளூஸ் முசிறியிலிருந்து கப்பலேறும் சரக்கில் மிளகு, முத்து, தந்தத்தோடு வைரத்தையும் சொல்கிறது. அரிக்கமேட்டு மணிகளின் துளைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள் அங்கே வைரமுனை ஓடிய தடத்தைக் கண்டார்கள். ரோமாபுரியில் ஒரு பிரபு தன் மோதிரக் கல்லில் முகம் பொறித்துக்கொண்டபோது பொறித்த பல் இங்கிருந்து போனது. அதே அரிக்கமேட்டில் அகஸ்டஸ் தலை பொறித்த கல்லும், காமன் ஒரு பறவையோடு இருக்கும், இன்னும் விளிம்பு சீவாத பளிங்கும் கிடைத்தன. விளிம்பு சீவாதது என்றால் வேலை அங்கேயே நடந்தது என்று பொருள்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆற்றாமை வருகிறது. கரூர் மோதிரங்கள் மண்ணடுக்கில் கிடைத்தவை அல்ல. கோடையில் நீர் வற்றியதும் ஆற்றில் மணலை அரித்துக் காசு தேடுபவர்கள் எடுத்து, கைமாறி, சேகரிப்பாளர்களிடம் வந்தவை. அவர்கள் எடுக்காவிட்டால் பெயர்களே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் கொடுமணலில் ஒரு சில்லு எந்தத் தரையில், எந்தச் சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்ல முடிகிறது. குறவன் மோதிரத்துக்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. பட்டறை இல்லை, உலை இல்லை, பக்கத்தில் கிடந்திருக்கக்கூடிய உரைகல் இல்லை. காலம் சொல்லக்கூட எழுத்தின் வடிவத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எழுத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதும் நாம் உலோகத்தைப் பற்றித் 'தங்கம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அமராவதியிலோ மணலே போய்க்கொண்டிருக்கிறது, லாரி லாரியாக.

போட்டவன் பெயர் மோதிரத்தில் இருக்கிறது. செய்தவர் பெயர்? ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது, அதுவும் இங்கே இல்லை. தாய்லாந்தின் தென்பகுதியில் கிராபி அருகே குவான் லுக் பட் என்று ஓர் ஊர். அந்தப் பெயருக்கு மணிமேடு என்று பொருள், தோண்டினால் அவ்வளவு மணி. அங்கே கைக்குள் அடங்கும் ஒரு நீள்சதுரக் கல் கிடைத்தது. பொன் உரைக்கும் கல். அதில் 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டுத் தமிழ் பிராமியில், பெரும்பதன் கல், என்று எழுதியிருக்கிறது. பெரும்பதன் என்பவனுடைய கல். பதனைப் பத்தன் என்று கொண்டால் பெரிய பத்தர். அடுத்த பட்டறைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று, ஹாஸ்டல் தட்டில் வெட்டிக்கொள்வது போல வெட்டியிருக்கிறார். கப்பலில் சரக்கு வாங்கிக்கொள்ளலாம், உலை அங்கே கட்டிக்கொள்ளலாம், கண்ணுக்குப் பழகிய கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கல் இப்போது க்லோங் தோம் ஊர் விகாரையின் காட்சிக்கூடத்தில், அந்த மண்ணில் பொறுக்கிய மணிகளோடு இருக்கிறது.