சுடாத சுடர்

தீயின்றி ஒளியில்லை என்பது பன்னெடுங்காலம் மாந்தர் கொண்டிருந்த எண்ணம். எண்ணெய் எரிந்தால்தான் விளக்கு ஒளிரும். அவ்வெண்ணத்தைக் கோடை இரவுகளில் பொய்ப்பித்தவாறு பறந்து வந்தது மின்மினி. உள்ளங்கையில் ஏந்தினாலும் அதன் சுடர் சுடுவதில்லை. இச்சிறு பூச்சி விடுத்த வினாவிற்கு விடை காண அறிவுலகிற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் தேவைப்பட்டன.

முதல் தடயத்தைக் கண்டவர் இராபர்ட் பாயில். இருளில் ஒளிரும் உளுத்த மரத்துண்டைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு, காற்றை வெளியேற்றினார், ஒளி மறைந்தது. காற்றை உட்புகுத்தினார், ஒளி மீண்டது. 1668இல் வெளியான இச்சோதனை, இத்தகைய ஒளிக்கும் காற்று இன்றியமையாதது என உணர்த்திற்று. அம்மரத்தில் படர்ந்த பூஞ்சையே ஒளிர்ந்தது என்பது பின்னாளில் தெளிந்த செய்தி.

அடுத்து வந்தவர் பிரெஞ்சு அறிஞர் இராஃபேல் துபுவா. 1885இல் ஒளிவண்டு ஒன்றின் ஒளியுறுப்பை அரைத்து, ஒரு பகுதியைக் குளிர்நீரிலும் மற்றொன்றைச் சுடுநீரிலும் கரைத்தார். இரண்டும் ஒளியிழந்தன. ஆறிய பின் இரண்டையும் கலந்ததும், இருண்டு கிடந்த கரைசல்கள் மீண்டும் ஒளிர்ந்தன! ஒளிதரும் பொருள் வெப்பத்தைத் தாங்கியது. அதனை வினைபுரியச் செய்யும் நொதியோ வெப்பத்தில் அழிந்தது. 1887இல் கடற்சிப்பி ஒன்றிலும் இதனையே கண்டு, முன்னதற்கு லூசிஃபெரின் என்றும் பின்னதற்கு லூசிஃபெரேஸ் என்றும் பெயரிட்டார்.

ஆயினும் இவ்விளக்கை ஏற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மெக்கல்ராய், 100 மின்மினிகளுக்கு 25 சென்ட் தருவதாக அறிவித்தார். சிறுவர் சிறுமியர் பிடித்துக் கொணர்ந்து குவித்தனர். ஒளியணைந்த சாற்றில் ஏ.டி.பி. என்னும் பொருளைச் சேர்த்ததும் அது சுடர்விட்டதை 1947இல் அவர் வெளியிட்டார். நம் தசையை அசைக்கும் அதே பொருளே மின்மினியின் விளக்கையும் ஏற்றுகிறது! உணவுத் தொழிற்கூடங்களில் கிருமிகளின் தடத்தைக் காட்டும் சோதனை இக்கண்டுபிடிப்பின் கொடையே.

எப்படி என்பதற்கு விடை கிடைத்தது. ஏன் என்பதற்கு? வயல்வெளிகளில் இரவெல்லாம் காத்திருந்து அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் லாயிடு கண்டது இது: அவ்வொளி ஒரு மொழி. அமெரிக்க மின்மினி இனம் ஒன்றில், ஆண் சுமார் 6 விநாடிக்கு ஒருமுறை மின்னிப் பறக்கிறது. புல்லில் அமர்ந்த பெண் சுமார் 2 விநாடி கழித்து மறுமொழி மின்னுகிறது. அந்த இடைவெளியே இனத்தின் அடையாளம். வேறோர் இனத்துப் பெண் அம்மறுமொழியைப் போலியாக மின்னி, நம்பி வரும் ஆணைத் தின்றுவிடுவதையும் 1965இல் அவர் வெளியிட்டார்.

மொழியாயின் அது கேட்கப்பட வேண்டும். இங்கோ காணப்பட வேண்டும். ஐரோப்பிய இனம் ஒன்றில் சிறகற்ற பெண், புல்லில் அமர்ந்து ஒளியால் ஆணை அழைக்கிறது. மின்விளக்கின் வெளிச்சம் படரும் இடங்களில் ஆண்கள் அதனைக் கண்டடைவது குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அழைப்பு வீணானால் அடுத்த தலைமுறை இல்லை. மூன்று நூற்றாண்டு உழைத்து அம்மொழியைக் கற்ற மனிதனே, தன் விளக்குகளால் அதனை அழித்தெழுதிக் கொண்டிருக்கிறான். தேவையற்ற விளக்கொன்றை இரவில் அணைப்பது அதற்கு நாம் செய்யக்கூடிய எளிய ஈடு.